யார் வீட்டு ஜன்னல்

“பொதுக்கூடம்னா எல்லாருக்கும் பொதுதானே? இவ்வளவு பெரிய ஜன்னலை உங்க ஆளுங்க பாணியில வெச்சா எப்படிம்மா?”

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் செயலாளர் இப்படிக் கேட்டார்.

கேள்வி மூன்றாம் மாடிப் பெண்ணுக்கு. கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவள். கீழே சும்மா கிடந்த இடத்தைப் பொதுக்கூடமாக மாற்றித் தருகிறேன் என்று, சம்பளம் வாங்காமல் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டவள்.

அந்தக் குடியிருப்பில் நாலு விதமான ஜனங்கள். அவள் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசினாள். ஒவ்வொருவர் பழக்கத்திலிருந்தும் ஒன்றை எடுத்து, இந்தக் காலத்துக்குத் தக்கபடி கலந்தாள். தரையில் ஒருவர் ஊர்ப்பக்கத்துப் பூப்போட்ட கட்டக்கல். கூரையில் இன்னொருவர் ஊர்ப்பக்கத்து மூங்கில் பின்னல். கிழக்குச் சுவரில், மேலே அரைவட்டம் வளைந்து, குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டம் பின்னிய ஜன்னல்.

அந்த ஜன்னல்தான் செயலாளரின் கண்ணை உறுத்தியது. இந்த வளைவு நெளிவெல்லாம் அவள் ஆட்களுடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நம் பக்கத்து வேலைப்பாடு நேர்கோடாக, சுத்தமாக இருக்கும், கலப்படம் கிடையாது என்று பெருமையாக நீட்டி முழக்கினார்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, “கழட்டிடறேன் அங்கிள்” என்று மட்டும் சொன்னாள்.

அன்று ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போதும் அவருக்கு அந்தக் குஷி அடங்கவில்லை. ஒரே கேள்வியில் மடக்கிவிட்டதை மனைவியிடம் மறுபடி சொன்னார்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள். “அது உங்க அம்மா வீட்டு அடுப்படி ஜன்னல்ங்க.”

அவருக்குச் சட்டென்று புரியவில்லை.

அந்தப் பெண் தங்கள் வீட்டுக்கும் வந்து கேட்டதை அவள் நிதானமாகச் சொன்னாள். தான்தான் அந்த ஜன்னலை ஞாபகத்திலிருந்து வரைந்து கொடுத்தாளாம். அந்தக் காலத்தில் அதைச் செய்த தச்சர் அந்தப் பெண்ணின் ஆட்களில் ஒருவராகக்கூட இருந்திருக்கலாம், யார் கண்டது என்றாள். அந்தப் பெண் தன் பக்கத்திலிருந்து கூடத்துக்கு எதையுமே எடுக்கவில்லை என்றும் சொன்னாள்.

“அந்த வீட்டுலயேதானே நானும் வளர்ந்தேன். எனக்கெப்படித் தெரியாமப் போச்சு?”

“புகை படிஞ்சு கருப்பாக் கிடந்துச்சு. அதோட, நீங்க என்னிக்கு அடுப்படிக்குள்ள வந்தீங்க?”

அவளும் கூட்டத்தில் இருந்தவள்தானே, அங்கேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அவர் முனகினார்.

“அத்தனை பேர் முன்னாடி உங்களை எப்படிங்க விட்டுக்குடுக்கறது?” என்றாள். தட்டோடு உள்ளே போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து அவர் லிஃப்டில் ஏறுவதற்குமுன் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் குரல் கேட்டால் பால்கனியிலிருந்து உள்ளே வந்துவிடுவார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரியும். ஆனால் நாலு பேருக்கு நியாயம் சொல்லியே பழகிய வாய்க்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. இரண்டு தடவை மாடிப்படி வரை போய்த் திரும்பினார். தன்னைப் பார்க்கத் தனக்கே அசிங்கமாக இருந்தது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மனசைத் திடப்படுத்திக்கொண்டு மூன்றாம் மாடி ஏறி அழைப்புமணியை அழுத்தினார்.

கதவைத் திறந்தவள், உள்ளே வரச் சொல்லி, மலர்ந்த முகத்தோடு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

“ஜன்னல் அங்கேயே இருக்கட்டும்மா. அப்புறம்... அன்னிக்கு நான் பேசினதுக்கு...”

“ஐயோ, விடுங்க அங்கிள். இன்னும் எத்தனை தடவை மன்னிப்புக் கேப்பீங்க?” என்றாள் அவள். “கூட்டம் முடிஞ்ச கையோட ஆன்ட்டியை அனுப்பிக் கேக்கச் சொன்னீங்களே, அதுவே எனக்குப் போதும்.”