முகம் வரைந்த பேட்டரி

மத்தியானமே சோறு தின்று கழுவி வைத்த தூக்குவாளி அப்படிக் கனக்கக் கூடாது. லிஜா அதைக் கையில் வாங்கியதும் ரீத்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

அண்டியாபீஸ் என்கிற முந்திரி ஆலையின் வாசலில், வேலை முடிந்து புறப்படும் பெண்களின் மடியையும் வாளியையும் சோதிப்பது லிஜாவின் வேலை. ஒரு முந்திரிப் பருப்புகூட வெளியே போகக் கூடாது. மூன்று வருஷத்துக்கு முன்புவரை அவளும் இதே வரிசையில் நின்று மடியை உதறிக் காட்டியவள்தான். தினமும் உடம்பு கூசும். அதனாலேயே, பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து தோல் உரித்த ரீத்தாக்காவின் வாளியை மட்டும் அவள் திறப்பதில்லை.

இன்று திறந்தாள். பருப்பு இல்லை. ரிமோட்டிலும் டார்ச்சிலும் கிடந்து தீர்ந்துபோன பேட்டரிகள். முப்பது நாற்பது இருக்கும். துருவும் செம்மண்ணும் அப்பியிருந்தன.

"என்னக்கா இது?"

நேற்றைய எடவப்பாதி மழையில் முற்றமெல்லாம் சேறு. கிணற்றடியில் கை கழுவி, ஒரு வாய் குடித்துவிட்டு வந்த பெண்கள் சேற்றுக் காலோடு நெருங்கி நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"நம்ம பெட்டியில உள்ளதுல்லா?" என்றாள் பின்னாலிருந்த சுல்ஃபியா. "பருப்பு சலிச்சுப்போச்சு போல." சிலர் சிரித்தார்கள்.

அந்தப் பெட்டி லிஜாவின் பொறுப்பு. பருப்பு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கேட்டதால் வைத்தது. தீர்ந்த பேட்டரியை வீட்டுப் பறம்பில் எறியாதீர்கள், மண்ணும் தண்ணீரும் கெட்டுப்போகும், இங்கே கொண்டுவந்து போடுங்கள் என்று ஒவ்வொருத்தியிடமும் கெஞ்சியவள் அவள். முதல் பெட்டி நிறைந்து, புதுவருஷத்துக்கு மறுசுழற்சிக்காக பெங்களூர் போய்விட்டது என்று மேனேஜர் பொன்னுலிங்கம் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். இப்போது இரண்டாவது பெட்டி பாதி நிறைந்திருந்தது.

வாளிக்குள் கைவிட்டுத் துழாவினாள். ஒரு குட்டிப் பேட்டரி மேலே வந்தது. அதில் சிவப்பு நகப்பூச்சால் இரண்டு கண், ஒரு சிரிப்பு. மகள் அபினா வரைந்தது. 2012 ஓணத்துக்கு மறுநாள் பெட்டி வைத்தபோது, எல்லாரும் கைதட்ட லிஜா போட்ட முதல் பேட்டரி.

முதல் பெட்டி போகும் முன்பே எடுத்திருக்கிறாள்; இனி என்ன சாட்சி வேண்டும்?

"இது எனக்க வீட்டுப் பேட்டரி. எனக்க கையால பெட்டியில போட்டது. எங்கேருந்து எடுத்தியன்னு சொல்லுங்க."

குரல் உயர்வது அவளுக்கே கேட்டது. கூசியது. நிறுத்த முடியவில்லை. இத்தனை நாள் அந்த வாளியைத் திறக்காமல் விட்டவள், இன்று எல்லார் முன்னிலும் தன்னை நேர்மையானவளாகக் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

சத்தம் கேட்டு பொன்னுலிங்கம் வந்தார். வாளியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "சரி சரி, விடு லிஜா. பழைய சாதனம்தான. இங்க தட்டிட்டு அவிய போட்டும்."

அவருடைய பெருந்தன்மை லிஜாவுக்கு இன்னும் ரோஷத்தைக் கிளப்பியது.

"இல்ல சார். இன்னைக்கு இத விட்டா நாளைக்கு பருப்பு போவும். எல்லாரும் கேக்க வாயத் தொறந்து சொல்லட்டு. இல்லேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வரண்டாம்."

சொன்ன பிறகுதான், அது ரீத்தாவின் பதினெட்டு வருஷ வேலை என்பது லிஜாவுக்கு உறைத்தது. சிரிப்பு அடங்கிவிட்டது.

ரீத்தா முதலில் பொன்னுலிங்கத்தைப் பார்த்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லிஜாவை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் நீர் இருந்தது. பயம் இல்லை. லிஜாவுக்காக வருத்தப்படுகிறவளைப் போல நின்றாள்.

"பெட்டிய நான் தொடவே இல்ல மக்கா."

"பெறவு? இது நடந்தா வந்துச்சு?"

"கெணத்தடியில கெடந்தத பெறக்கினேன். நேத்து மழையில மண்ணு ஒலிச்சுப் போனதும் பொதச்சதெல்லாம் மேல வந்து கெடக்கு."

பேட்டரி லிஜாவின் உள்ளங்கையில் மண்ணோடு சிரித்துக்கொண்டிருந்தது.

ரீத்தா குரலைத் தாழ்த்தி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"ஒனக்க பேரு கெடாண்டாம்னுதான் எடுத்தேன். நீ ஒப்புப் போட்டு அனுப்புன பெட்டி, பெங்களூருக்குப் போவல மக்கா."