கோரலி வீட்டுப் புல்மரம்

தண்ணீர்த்தொட்டிக்கு மேலே வெள்ளைக் கதிர் ஒன்று தலை நீட்டியது. தெருவில் போன எல்லோரும் பார்த்தார்கள். கிளெனிஸ் மட்டும் வேலிக்கதவைத் திறந்துகொண்டு உள்ளேயே வந்துவிட்டாள்.

தொட்டிக்குப் பின்னால் நின்றது கோரலியின் புல்மரம், குட்டை அடிமரத்தின் தலையில் புல்கொத்து முளைத்தாற்போல. கதிர் முழுக்கப் பூ, பூ முழுக்கத் தேனீ.

சுற்றிலும் ஜாரா மரக் காடு. அதில் எத்தனையோ புல்மரங்கள், ஒன்றுகூட இந்த வருஷம் பூக்கவில்லை. தீ பட்டால்தானே அதுகளுக்குப் பூக்கத் தோன்றும்? காட்டில் தீயே இல்லை.

அப்படியானால், தரைவரை தொங்கிய காய்ந்த தோகைக்கு யாரோ நெருப்பு வைத்திருக்கிறார்கள்.

"நீயா கொளுத்துன? கொசுவத்தி ஏத்தவே ஊரக் கூட்டுவியே!"

"நான் எங்கடி! உன் மெர்வின்தான். மழைக்கு முன்னாடி இந்தப் பக்கம் போனாரு, கூப்பிட்டேன். ஒரே குச்சிதான். கைராசிக்காரரு."

கிளெனிஸ் சிரித்தாள். சிரிப்பை அப்புறம் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவள் புருஷன் மெர்வின் நெருப்பைத் தொடமாட்டான். சின்ன வயதில் காட்டுத்தீ அவன் அண்ணனைக் கொண்டுபோயிற்று. அதிலிருந்து தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டாலே எழுந்து வெளியே போய்விடுவான்.

வீட்டில் இறைச்சி சுடும் நாளில் அடுப்பு மூட்டுவது அவள். பிறந்தநாள் கேக்கில் மெழுகுவத்தி கிடையாது. குளிர்காலத்தில் கணப்பும் கிடையாது, இரண்டு கம்பளிதான். பாவம் மெர்வின் என்று ஊரே உச்சுக்கொட்டியது. நடுங்கிக்கொண்டு கிடந்தவளைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் வீட்டு வாசலிலும் ஒரு புல்மரம் உண்டு. கல்யாணமான புதிதில், இது பூத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்றாள். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். அப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"ஒரே ஒரு தடவதான்டி," என்றாள் கோரலி, யாரும் கேட்காமலே.

ஒரு தடவைதானே. பயத்தை விழுங்கிக்கொண்டு அக்கம்பக்கத்துக்கு ஓர் உதவி. நல்லதுதான், மனுஷன் தேறிவருகிறான். கிளெனிஸ் தனக்குத்தானே இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டாள். பாதி நம்பியும்விட்டாள்.

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. சாவியை எடுத்து அடிமரத்தின் கரியைச் சுரண்டினாள்.

அந்தப் பக்கத்தில் வளர்ந்த யாருக்கும் இது தெரியும். புல்மரம் உச்சியில் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு விரற்கடை வளரும். எரிந்த வருஷம் உள்ளே கறுப்புப் பட்டையாகத் தங்கிவிடும். எரியாத வருஷங்கள் பழுப்பு.

மேலே ஒரு கறுப்பு. அது இந்த வருஷத்தது.

கொஞ்சம் பழுப்பு. மறுபடியும் கறுப்பு.

"எதுக்குடி அதப் போய்ச் சுரண்டுற? உள்ள வா, டீ போடறேன்." கோரலியின் குரல் ஒருமாதிரி இருந்தது.

கிளெனிஸ் சுரண்டிக்கொண்டே மண்டியிட்டாள். இன்னொரு கறுப்பு. இன்னொன்று.

அதற்குக் கீழே எவ்வளவு சுரண்டியும் பழுப்புதான் வந்தது.

உச்சியிலிருந்து கையை விரித்துவைத்துப் பார்த்தாள். எல்லாக் கறுப்பும் ஒரு சாணுக்குள், பன்னிரண்டு விரற்கடைக்குள் அடங்கிற்று.

கோரலி இந்த வீட்டுக்குக் குடிவந்து பன்னிரண்டு வருஷம்.