பதினேழாம் நம்பர் டிரான்ஸ்பார்மர்

"பதினேழாம் நம்பர் டிரான்ஸ்பார்மர்ல கட்டுன பெட்டி கெட்டுப்போச்சுன்னு எழுதியிருக்கா சார். அது கெடவே இல்ல. நான் தெறந்து பாத்துட்டேன்."

நாகஜோதி லேப்டாப்பை மேனேஜர் அழகுபாண்டியின் பக்கம் திருப்பி வைத்தாள். பின்னால் நின்ற ஆயிஷா சித்திகாவின் முகம் வெளுத்துப் போனது. அந்த வெளுப்பைப் பார்க்கத்தான் நாகஜோதி இரண்டு மாதமாய்க் காத்திருந்தாள்.

காளவாசலில் மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். பேரையூர்ப் பக்கம் போகும் ஒரு மின்பாதையில் கரண்ட் எங்கே வீணாகிறது, எந்தக் கம்பத்தில் எதை மாற்றினால் மிச்சமாகும் என்று கண்டுபிடித்துச் சொல்வது வேலை. கம்பம், கம்பி, மோட்டார் எல்லாவற்றையும் சாப்ட்வேரில் ஏற்ற வேண்டும். டிரான்ஸ்பார்மரில் ஒரு பெட்டியைக் கட்டிவிட்டால், ஒரு வாரம் ஓடுகிற கரண்டை அது அளந்து வைத்துக்கொள்ளும். பெட்டியின் கணக்கும் சாப்ட்வேரின் கணக்கும் ஒத்துப்போனால்தான் அறிக்கை நிற்கும். வேலை பார்ப்பவர்கள் இரண்டு பயிற்சிப் பெண்கள். மாதக் கடைசியில் ஒருத்திக்குத்தான் நிரந்தரம்.

அந்த ஒருத்தி ஆயிஷாதான் என்று டீ கொண்டுவருகிறவர் வரைக்கும் பேச்சு. ஆயிஷாவின் அத்தா ஓய்வுபெற்ற இன்ஜினியர். நாகஜோதி மனப்பாடம் செய்து படித்த சமாச்சாரமெல்லாம் ஆயிஷாவுக்குச் சோறு தின்கிறபோதே காதில் விழுந்தவை. அவள் இங்கிலீஷில் பேசினால் அழகுபாண்டி தலையாட்டிக் கேட்பார். இவள் ஆரம்பித்தால், "தமிழ்லயே சொல்லும்மா" என்பார். வீட்டில் பத்தாவதைத் தாண்டிய ஒரே ஆள் இவள். அது இந்த ஆபீஸில் யாருக்குத் தெரியும், தெரிந்தால்தான் என்ன?

அதையெல்லாம்கூட விழுங்கிக்கொண்டாள். பேரையூர்க் காடு அவள் பிறந்த காடு. அங்கே போய்ப் பெட்டி கட்டுவதும் கழற்றுவதும் தன் வேலை என்றிருந்தாள். ஒரே ஒரு நாள் காய்ச்சல் என்று லீவு போட்டாள். அன்று பெட்டியைக் கழற்றப் போன ஆயிஷா திரும்பி வந்து, இனிமேல் வெளிவேலை முழுக்கத் தானே பார்த்துக்கொள்வதாகவும் நாகஜோதி கம்ப்யூட்டரில் இருக்கட்டும் என்றும் சாரிடம் சொல்லிவிட்டாள். சாரும் சரியென்றுவிட்டார்.

மறுநாள் நாகஜோதி டி. கல்லுப்பட்டிக் கருப்பட்டி மிட்டாய் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். அவள் அப்பா முத்துக்கருப்பன் எட்டு வருடமாக எழுதிப்போட்டுக் காத்திருந்து, ஒருவழியாகக் கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் வாங்கிவிட்டதாகச் சொன்னார். அந்தத் தண்ணீரில் விளைந்த பருத்தியின் முதல் எடுப்புக் காசில் வாங்கிய மிட்டாய். ஆயிஷா ஒரு கடி கடித்துவிட்டு மிச்சத்தைப் பேப்பரில் மடித்து வைத்தாள். எங்க ஊர்ப் பண்டம் மகாராணிக்குத் தொண்டையில எறங்கலையோ என்று நாகஜோதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றிலிருந்துதான் ஆயிஷாவின் அறிக்கையை வரி வரியாகத் துருவினாள். ஆயிஷா மாட்டினாள்.

"தெனமும் காலைல ஆறுலருந்து ஒம்பது வரைக்கும் ஏழரை ஆம்பியர் ஏறுது சார். லிஸ்ட்ல உள்ள மோட்டார் அம்புட்டையும் கூட்டிப் பாத்துட்டேன். ஒரு மோட்டார் கூடுதலா ஓடுது. எவனோ கொக்கி போட்டுத் திருடுறான். இவ பெட்டி மேல பழியப் போட்டு மூடிட்டா."

அழகுபாண்டி ஆயிஷாவைப் பார்த்தார். அவள் நாகஜோதியைப் பார்த்தாள்.

"நாகு, அதை விட்டுரேன்" என்றாள்.

"உனக்கு அது பெட்டி. எனக்கு அது எங்கூருக் கரண்ட்டு."

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் ஜீப் பேரையூரைத் தாண்டியது. லைன்மேன் சோணை வழியில் ஏறிக்கொண்டார். வண்டியிலிருந்து முதலில் குதித்தவள் நாகஜோதி. வழி காட்டுவதற்கு இங்கே அவளை விட்டால் ஆளில்லை.

டிரான்ஸ்பார்மர் அடியில் ஆயிஷா அழகுபாண்டியை மறித்து நின்றாள். தப்பு தன்னுடையதுதான் என்றாள். வேண்டுமென்றேதான் மறைத்தேன், காரணம் கேட்காதீர்கள் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வேலைய நாகுவுக்கே குடுத்துருங்க சார். நான் இன்னைக்கே எழுதிக் குடுத்துட்டுப் போயிர்றேன். இப்பத் திரும்பிருவோம்" என்றாள்.

நாகஜோதிக்கு நெஞ்சு குளிர்ந்தது. இத்தனை நாள் அடங்காத எரிச்சல் அந்த ஒரு பேச்சில் அடங்கியது. ஆனாலும் விடுவதாக இல்லை.

"பிச்சையா போடுற? திருட்டைப் பாத்துட்டு எப்படி சார் திரும்புறது? எவனா இருந்தாலும் கேஸ் போடணும்."

அழகுபாண்டி சோணைக்குத் தலையசைத்தார். நாலாவது கம்பத்தில் மூன்று கொக்கிகள் தொங்கின. அங்கிருந்து ஒயர் பருத்திக்குள் இறங்கிப் போனது. நாகஜோதி செல்போனை உயர்த்தி வீடியோ எடுத்தாள். ஆயிஷாவின் முகமும் படத்துக்குள் வருகிற மாதிரி நின்றுகொண்டாள்.

சோணை நீளக் கம்பால் கொக்கிகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். எங்கோ உள்ளே ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சத்தம் நின்றது.

கொஞ்ச நேரத்தில் பருத்திச் செடிகளை விலக்கிக்கொண்டு, முழங்கால் வரை சேறும் கையில் மண்வெட்டியுமாக ஓர் ஆள் ஓடிவந்தார். நாகஜோதியின் கையிலிருந்த செல்போன் தானாகக் கீழே இறங்கியது. அவர் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. நேராக ஆயிஷாவின் முன்னால் போய் நின்றார்.

"எம்மகளுக்குத் தெரியாமப் பாத்துக்கிறேன்னு நீதானம்மா சொன்ன?" என்றார் முத்துக்கருப்பன்.