டிஸ்க்கின் மூச்சிரைப்பு

நூலகத்து டேட்டாபேஸைச் சுமந்த கணினிக்குள்ளே டிஸ்க் மூச்சிரைக்க ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்திலிருந்த விசிறிக்கு மனசு கேட்கவில்லை.

"என்னண்ணே, வாசகர் கூட்டம் ஜாஸ்தியா? இல்ல, வயசாயிடுச்சா?"

"ரெண்டும் இல்ல தம்பி. மெமரிகிட்ட இடம் கம்மி. புதுசா ஒண்ணு உள்ள வந்தா பழசு மறந்துடுது. எடுத்துக் கொடுத்ததையே திரும்பக் கேட்குது."

"இப்பத்தானே கொடுத்தேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

டிஸ்க் வாயைத் திறப்பதற்குள் மெமரி தயங்கித் தயங்கிக் கேட்டது: "கோமளவல்லி எடுத்துட்டுப் போன புத்தகம் எது? இதை முன்னாடியே கேட்டுட்டேனோ?"

"இல்லையே, இப்பத்தான் கேட்கிற" என்று சொல்லிவிட்டு டிஸ்க் மறுபடியும் ஓடியது.

விசிறி டிஸ்க்குக்குக் காற்று படட்டுமென்று இன்னும் வேகமாகச் சுழன்றது.