கோல் பிடிக்க ஓர் ஆள்

"கரை கண்ணுக்குத் தெரியுது மாஸ்டர். இன்னும் ஒரு கிலோமீட்டர்தான் பாக்கி. நிமிஷத்துக்கு அறுபது தடவை வீசின கை நாற்பதாக் குறைஞ்சிருச்சு. கேட்டதுக்கு உளறலாப் பதில் வருது. ஆனா 'என்னைத் தொடாதீங்க'ன்னு கத்தறா. நீங்க என்ன செய்வீங்க?"

படகுத்துறையின் தகரக் கொட்டகையில் அமர்ந்திருந்த தாய், அன்று இக்கேள்வியை நான்காம் முறையாகக் கேட்டாள். எதிரே இருந்தவர் நகராட்சி நீச்சல்குளத்தின் பயிற்சியாளர். எந்நேரமும் கழுத்தில் ஊதல் தொங்கியதால் அவரை எல்லோரும் 'விசில் மாஸ்டர்' என்றே அழைத்தனர்.

மேசைமீது ஒரு படிவம் விரிந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமையன்று முப்பத்திரண்டு கிலோமீட்டர் ஜலசந்தியை நீந்திக் கடக்கவிருந்த அவளுடைய மகளின் துணைக்குழுவை அதில் குறிப்பிட வேண்டும். படகோட்டி, செவிலி, துணைக்கு நீந்தும் தோழி ஆகிய மூன்று வரிகளும் நிரம்பிவிட்டன. 'கோல் பிடிப்பவர்' என்னும் நான்காம் வரி மட்டும் வெறுமையாக இருந்தது. நுனியில் குவளை பொருத்திய நீண்ட கோலினால், அரை மணிக்கு ஒரு முறை, நீந்துபவருக்கு இனிப்புநீர் நீட்டுவது அவருடைய பணி. நீந்துபவரை இடைவிடாது கவனித்து, ஆபத்து எனக் கண்டால் நீரிலிருந்து தூக்குவதும் அவருடைய பொறுப்பே. மாலை ஐந்து மணிக்குள் படிவம் சங்கத்தைச் சேராவிடில் இவ்வாண்டு நீச்சலுக்கு அனுமதி கிடைக்காது.

"தொட்டா போச்சேம்மா!" என்றார் விசில் மாஸ்டர். "ஒரு விரல் பட்டாலே நீச்சல் செல்லாது. நடுவர் கோடு போட்டுடுவார். அவளாக் கேட்காம நான் தொட்டேன்னு வைங்க, அப்புறம் ஜென்மத்துக்கும் என் மூஞ்சியில முழிப்பாளா?"

"அவ்வளவுதானா மாஸ்டர்?"

தாயின் முகத்தைக் கண்ட அவர் சற்றே தயங்கினார். "சரி... ரொம்ப முடியலைன்னு தெரிஞ்சா... தூக்கிடறேன். போதுமா?"

"இல்ல மாஸ்டர். யோசிச்சீங்க."

"யோசிக்காம எப்படிம்மா ஒரு முடிவுக்கு வர்றது?"

"நீங்க யோசிக்கிற அந்த நேரத்துலதான் ஆள் போயிடுது."

மாஸ்டர் ஊதலைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு எழுந்தார். "முப்பது வருஷமாக் குளத்தோரம் நிக்கிறேன். எனக்கே பரீட்சை வெச்சு ஃபெயிலும் ஆக்கிட்டீங்க. நல்லா இருங்க!" என்று முணுமுணுத்தவாறே வெளியேறினார்.

மூலையில் அமர்ந்து நங்கூரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த படகோட்டி இத்துறைக்கு வந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. அவர் சுவர்க் கடிகாரத்தை ஏறிட்டுப் பார்த்தார்.

"மணி நாலரை ஆச்சும்மா. காலையிலேர்ந்து நாலு பேரை விரட்டியாச்சு. இனிமே கோல் பிடிக்கத் திமிங்கிலம்தான் கரையேறி வரணும்."

"தப்பான ஆளோட போறதுக்குப் போகாமலே இருக்கலாம் அண்ணே."

"அப்ப போகாதேன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னாக் கேட்கிற பொண்ணா அது? அவங்க அப்பா விட்டுட்டுப் போன அந்த ஒரு கிலோமீட்டரை நீந்தியே தீருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

படகோட்டி கயிற்றைக் கீழே வைத்தார். "நானும் அரசல்புரசலாக் கேள்விப்பட்டேன்மா. மூணு வருஷம் முன்னாடி, கரைக்கு அவ்வளவு பக்கத்துல வந்து... அன்னைக்குக் கோல் பிடிச்சிருந்த ஆள் தொடாமலே பார்த்துக்கிட்டு இருந்தாங்களாமே?"

தாய் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"கைக்கெட்டுற தூரத்துல ஒரு மனுஷன் முங்குறான், விதியைக் கட்டிக்கிட்டு நின்னிருக்காங்க! அதெல்லாம் மனசா, கருங்கல்லா? அந்த ஆள் மட்டும் என் படகுல கால் வைக்கட்டும், அப்படியே இறக்கி விட்டுடுவேன். எழுதி வெச்சுக்குங்க."

"ஏத்த வேணாம் அண்ணே," என்றாள் தாய், செவிக்கு எட்டாத குரலில். மேசைமீதிருந்த தன் கைகளை மெல்ல இழுத்து, மேசைக்கடியில் மறைத்துக்கொண்டாள்.

அப்போது பயிற்சியை முடித்துக்கொண்டு மகள் உள்ளே வந்தாள். தோளில் துண்டு; ஈரக் கூந்தலிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. படிவத்தைக் கண்டதும் அவள் நகைத்தாள்.

"மாஸ்டரும் அவுட்டா? எனக்கு மாப்பிள்ளை பார்த்தாக்கூட இத்தனை பேரைக் கழிச்சுக்கட்ட மாட்டேம்மா நீ!"

தாய் சிரிக்கவில்லை. "ஆள் அமையலைடி. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

"ஆளெல்லாம் எப்பவோ அமைஞ்சாச்சு. நீதான் ஊரெல்லாம் தேடிக்கிட்டு இருக்கே."

மகள் பேனாவை எடுத்தாள். நான்காம் வரியில் ஒரு பெயரை எழுதிப் படிவத்தைப் படகோட்டியிடம் நீட்டினாள். அவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு வியப்புடன் நிமிர்ந்தார்.

"அம்மா பேரையா எழுதியிருக்கே? அவங்களுக்கு இதுல பழக்கம் உண்டா?"

"ஒரே ஒரு தடவை மாமா," என்ற மகள், மேசைக்கடியில் மறைந்திருந்த தாயின் கைகளைத் தேடிப் பற்றிக்கொண்டாள். "அன்னைக்கு அப்பாவுக்குக் கோல் பிடிச்சது இவங்கதான். அவர் 'தொடாதே'ன்னு கத்தினப்போ யோசிச்சவங்க இனிமே யோசிக்கவே மாட்டாங்க."