நெஞ்சில் ஒட்டிய சிரிப்பு

"இந்தச் சிரிப்பைப் பார்த்துத்தாம்மா உயிர் பிழைச்சேன்!"

தொற்று குணமாகி வீட்டுக்குக் கிளம்பிய பெரியவர், ஹெட் நர்ஸைப் பார்த்துக் கைகூப்பினார்.

தலைமுதல் கால்வரை மூடிய கவச உடையில் முகம் தெரியாமல் நோயாளிகள் மிரண்டபோது, நர்ஸுகள் தங்கள் சிரித்த படத்தை நெஞ்சில் ஒட்டிக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவள் அவள்தான். ஆஸ்பத்திரியே மெச்சியது.

"எங்க கடமைதானே ஐயா," என்றாள், தரையைப் பார்த்தபடி.

"மூச்சு முட்டுறப்பல்லாம் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'தாராளமா இழுங்க தாத்தா, காத்துல என்ன கஞ்சத்தனம்?'னு கிண்டல் பண்ணுவீங்களே! மறப்பேனா?" பெரியவர் நெற்றியைச் சுருக்கினார். "ஆனா, குரல்தான் வேற மாதிரி இருக்கு."

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"அக்காவுக்குத் தொண்டை கட்டியிருக்கு தாத்தா!" பின்னாலிருந்து ஜூனியர் நர்ஸ் முந்திக்கொண்டாள்.

பெரியவர் சட்டென்று அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பினார். கூப்பிய கைகளும் கூடவே திரும்பின.

பயத்தில் ஒருநாள்கூட அந்த வார்டுக்குள் காலெடுத்து வைக்காமல், தன் முறை வந்தபோதெல்லாம் தன் படம் ஒட்டிய உடையை மாட்டி அந்தச் சின்னப்பெண்ணை உள்ளே அனுப்பிய ஹெட் நர்ஸ், கூனிக் குறுகி நின்றாள்.