பிடித்தவர்: ததேயு

துறைமுகத்தில் பெர்னதெத்துக்கு ஒரே வேலை. மீனின் வாய்க்குள் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்து மரபணு மெஷினில் வைப்பாள். என்ன மீன் என்று அது சொல்லிவிடும். மீனில் எந்த மனிதனின் தடம் இருக்கிறதோ, அவன்தான் பிடித்தவன் என்று சீட்டும் அடித்துத் தரும்.

அன்று வந்த சீட்டில், 'நெய்மீன். பிடித்தவர்: ததேயு' என்றிருந்தது.

ததேயு அவள் புருஷன். படகு கவிழ்ந்து ஒரு மாதமாகியும் அவன் உடல் கரைக்கு வரவில்லை.

வெளியூர் வியாபாரி சீட்டை எட்டிப் பார்த்தார். "ததேயு பிடிச்சதா? எனக்கே குடும்மா. அவன் மீனுன்னா கண்ணை மூடிட்டு வாங்கலாம்."

"இது விக்கதுக்கில்ல, அண்ணே" என்று மீனை மடியோடு அணைத்துக்கொண்டாள்.

உடல் இல்லாமல் அந்த ஊரில் அடக்கம் கிடையாது. பங்குச் சாமியார் சீட்டை இரண்டு முறை வாசித்தார். பிறகு மணியடிக்கச் சொன்னார். மறுநாள் அந்த மீனை மூன்றடிப் பெட்டியில் வைத்துக் கல்லறையில் இறக்கினார்கள்.

அடக்கம் முடிந்து அவள் வேலைக்கு வந்தாள். முதல் கூடையில், ஊரே தினமும் குழம்பு வைக்கும் சாளை பளபளத்தது. குச்சியை விட்டாள். சீட்டு வந்தது.

'சாளை. பிடித்தவர்: ததேயு.'